வில்லன் கட்சி

யாழ்ப்பாணத்துச் சினிமா ரசிகர்களின் வாக்குவாதங்களில் நாயகர்களைப் பற்றியவை எனக்கு எப்போதோ அலுத்துவிட்டன. எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று எங்கள் தகப்பன்மார் தொடங்கிவைத்ததை, ரஜினியா கமலா என்று நாங்கள் இழுத்துக்கொண்டு போய், விஜயா அஜித்தா என்று அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்திருக்கிறோம். அதில் எவரும் எவரையும் மனம் மாற்றியதாக நான் அறியேன். பிடித்த நாயகனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பேசுபவன் தன்னைப் பற்றிப் பேசுவதாகவே முடிந்துவிடுகிறது. எதிரே இருப்பவன் ஒரு படத்தைத்தான் குறை சொல்லியிருப்பான். கேட்பவனுக்குத் தன் குடும்பத்தைக் குறை சொன்னதுபோல உறைத்துவிடும்.

வில்லன்களைப் பற்றிய வாக்குவாதம் வேறு சாதி. நம்பியாருக்குக் கட்-அவுட் கட்டியதையோ, ரகுவரனின் பிறந்தநாளுக்கு வெடி கொளுத்தியதையோ நான் இங்கே கண்டதில்லை. விசுவாசம் குறைவாக இருப்பதால் அங்கே காரணங்களுக்கு இடம் இருக்கிறது. ஒருவர் ஒரு காட்சியைச் சொல்வார். மற்றவர் அதைவிட நல்ல காட்சியொன்றைச் சொல்வார். மூன்றாமவர் இரண்டையும் மறுத்து, எவரும் நினைத்திராத படமொன்றை இழுத்து வருவார். முன்னர் வாசிகசாலை விறாந்தையில், பத்திரிகையை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு நடந்த இந்தச் சபை, இப்போது சலூனுக்கு இடம் மாறியிருக்கிறது. தலைமயிர் வெட்டுவதற்கு ஆட்கள் வரிசையில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அங்கே போனால், முறை வந்த பின்னும் கதிரையில் ஏறாமல் வாதாடிக்கொண்டு நிற்பவர்களைக் காணலாம். அவர்களில் நானும் ஒருவன்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சண்டைப்படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை அதன் வில்லனே தீர்மானிக்கிறான் என்பது என் எண்ணம். அவன் எத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்கு அதற்கு உதவாது. அவனுக்கென்று ஒரு குரல் இருக்கிறதா, அவசரமில்லாமல் நின்று பேசுவதற்கு அவனுக்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா, கொஞ்ச நேரமாவது அவன் வென்றுவிடுவான் என்று நாங்கள் மெய்யாகவே பயப்படும்படி கதை விடுகிறதா என்ற மூன்றையுமே பார்க்க வேண்டும். இன்றைய பெரிய சண்டைப்படங்களில் பல, இந்த மூன்றையும் வில்லனிடமிருந்து பிடுங்கி நாயகனிடம் கொடுத்துவிடுகின்றன. அதன் பிறகு எத்தனை கார் வெடித்தாலும் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

வில்லனை ரசிப்பதற்கு நாங்கள் சினிமா வரும்வரை காத்திருக்கவில்லை. ஐப்பசி மாதத்தில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் பின்னேரம், நல்லூர் வீதியிலோ உங்கள் ஊர் முருகன் கோயில் வீதியிலோ நின்று பாருங்கள். முருகன் அலங்காரத்தோடு எழுந்தருளியிருப்பார். அவரைக் காவுபவர்கள் நிதானமாகத்தான் அடியெடுத்து வைப்பார்கள். ஓட்டமும் சுழற்சியும் எதிர்ப்பக்கத்துக்கே உரியவை. சூரனின் உருவத்தைத் தாங்கிய தடிகளுக்குத் தோள் கொடுக்கும் இளந்தாரிகள் வியர்வை ஒழுக ஓடிவருவார்கள், பத்தடி பின்வாங்குவார்கள், சனம் விலகிச் சிதறும்படி திடீரென்று ஒரு பக்கமாகப் பாய்வார்கள். யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும், சிங்கமுகம் போய்ச் சூரனின் சொந்த முகம் வரும், மாமரம் வரும், கடைசியில் சேவலும் மயிலும். முடிவு என்னவென்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும், தகப்பனின் தோளில் இருக்கும் அந்தக் குழந்தை கை நீட்டிக் காட்டுவது பெரும்பாலும் சூரனைத்தான்.

இதைத் தெய்வக்குற்றம் என்று எவரும் நினைப்பதில்லை, நினைக்கவும் தேவையில்லை. கச்சியப்பரே அப்படித்தான் பாடி வைத்திருக்கிறார். கந்தபுராணத்துச் சூரபன்மன் தவம் செய்து வரம் பெற்றவன். தேவர்களை விட்டுவிடு என்று புத்தி சொல்லும் சிங்கமுகன் என்ற தம்பி அவனுக்கு உண்டு. பானுகோபன் என்ற மகனைப் போரில் இழந்து அழும் தகப்பனும் அவனே. முருகனின் பெருவடிவைக் கண்டு, பகையை மறந்து, பாலன் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று வியந்து நிற்கும் இடமும் அவனுக்கு இருக்கிறது. புராணபடனம் நடக்கும் கோயில்களில் ஒருவர் பாட்டைப் படிக்க மற்றவர் பயன் சொல்லும்போது, அந்த இடத்தில் பயன் சொல்பவரின் குரல் இளகுவதைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவும் கொடுக்கப்பட்ட எதிரியை வெல்வதால்தான் வேலுக்கு அவ்வளவு மதிப்பு. இதைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு, ஐந்து நிமிடம் வந்து உறுமிவிட்டுச் சாகும் வில்லனைக் காட்டினால் எப்படிப் போதும்?

சினிமாவுக்கு வருகிறேன். எம். என். நம்பியாரையும் பி. எஸ். வீரப்பாவையும் என் தலைமுறையில் பலர் பார்க்கு முன்னர் கேட்டிருக்கிறோம். 1990ஆம் ஆண்டு குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றுபோனது. தொலைக்காட்சிப் பெட்டி மேசைத்துணி விரித்துப் பூச்சாடி வைக்கும் தளபாடமாகிவிட்டது. பற்றரிக்குத் தட்டுப்பாடு; ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயரைக் கொழுவி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து வானொலியும் கசெற்றும் கேட்டோம். பழைய படங்களின் கதைவசனக் கசெற்றுகள் சில வீடுகளில் இருந்தன. சுற்றுபவனுக்குக் கை களைத்தால் கசெற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குரல் கனக்கும். நாயகனின் வசனம் அப்படி இழுபடும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். வீரப்பாவின் சிரிப்பு இழுபடும்போது, விளக்கில்லாத அந்த முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்னர் படங்களாகப் பார்த்தபோது, அந்த இருவரின் கலையில் பாதிக்கு மேல் குரலில்தான் இருந்தது என்பது உறுதியாயிற்று. வீரப்பாவிடம் சிரிப்பு ஆயுதம். அரசவையின் தூண்களுக்கு நடுவே அது எதிரொலித்து முடியும்வரை எதிரே நிற்பவன் காத்திருக்க வேண்டும். நம்பியார் சத்தத்தை நம்பியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சொற்களை ஒவ்வொன்றாக நசுக்கி வெளியே விடுவார். 1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில், ஒரு எம்.ஜி.ஆரைச் சவுக்கால் அடித்து வளர்ப்பதும், பின் அதே சவுக்கால் இன்னொரு எம்.ஜி.ஆரிடம் அடி வாங்குவதும் நம்பியார்தான். அந்த அடியோடு வரும் ‘நான் ஆணையிட்டால்’ பாட்டுக்கு விசில் பறப்பதற்குக் காரணம் பாட்டு மாத்திரம் அல்ல. முன்னர் அடித்தவன் தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான். அதே ஆண்டு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் கடற்கொள்ளைத் தலைவனாக வந்து வாள் சுற்றிய அந்த மனிதர், சொந்த வாழ்க்கையில் சைவ உணவுக்காரர். ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போட்டு, குருசாமி என்று பெயர் எடுத்தவர். வாசிகசாலையில் இந்தத் தகவலைச் சொல்லாமல் நம்பியாரைப் பற்றிய பேச்சு ஒருநாளும் முடிந்ததில்லை. பெரியவர் ஒருவர் ஒவ்வொரு முறையும், “ஆள் சாமியடா, சரியான சாமி” என்று புதிதாகக் கண்டுபிடித்தவர்போலச் சொல்வார். வீரப்பா ‘ஆலயமணி’ போன்ற படங்களைத் தயாரித்தவர் என்பது அவ்வளவாக எடுபடாது. தயாரிப்பாளர்களில் எங்கள் ஊர் ரசிகனுக்கு அக்கறை இல்லை.

சலூனில் மிக நீண்ட காலமாக நடந்துவரும் வழக்கு மார்க் ஆண்டனிக்கும் முத்துப்பாண்டிக்கும் இடையிலானது. 1995இல் வந்த ‘பாட்ஷா’வின் ரகுவரன் ஒரு பக்கம், 2004இல் வந்த ‘கில்லி’யின் பிரகாஷ்ராஜ் மறுபக்கம். நாற்பதைத் தாண்டியவர்கள் முன்னவருக்கும், அதற்குக் கீழே உள்ளவர்கள் பின்னவருக்கும் நிற்பது வழக்கம். 2024இல் ‘கில்லி’ மீண்டும் திரையரங்குகளுக்கு வந்து தமிழ்நாட்டில் சனம் அள்ளுப்பட்டுப் பார்த்த செய்தி, இளையவர்களின் கையைப் பலப்படுத்திவிட்டது. கத்தரிக்கோல் பிடித்திருக்கும் தம்பி முத்துப்பாண்டி கட்சியின் தலைவர். நான் கதிரையில் இருக்கும்போது, என் கழுத்தில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு வாதாடும் வசதி அவருக்கு உண்டு.

அவருடைய வாதம் பலமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முத்துப்பாண்டி தன்னைக் கெட்டவன் என்று ஒரு நொடியும் நினைப்பதில்லை. கதாநாயகி தனலட்சுமியின் அண்ணன்மாரைக் கொன்றுவிட்டு வந்தவன், அவளிடம் செல்லம் கொஞ்சுகிறான். அதை அவன் காதல் என்றே நம்புகிறான். தகப்பன் உள்துறை அமைச்சர். மதுரை முழுவதும் தன் வளவு என்ற நினைப்பு. அப்படிப்பட்டவனின் கழுத்தில், அவனுடைய ஊரிலேயே, அவனுடைய ஆட்களுக்கு நடுவிலேயே, முன்பின் தெரியாத ஒரு கபடிக்காரப் பையன் கத்தியை வைத்துவிடுகிறான். அந்த அவமானம்தான் அதன் பிறகு படத்தை ஓட்டுகிறது. நாயகன் ஓடிக்கொண்டிருக்க, வில்லன் தேடிக்கொண்டிருக்கிறான். ரசிகனுக்கு எப்போதும் தேடுபவன் எவ்வளவு கிட்ட வந்துவிட்டான் என்பதே கவலை. “ஆன்ரனி என்ன செய்தவர் சொல்லுங்கோ பாப்பம் அண்ணை? கோட்டுப் போட்டுக்கொண்டு நிண்டவர்” என்று தம்பி முடிப்பார்.

உண்மைதான். எழுத்தில் வைத்துப் பார்த்தால் மார்க் ஆண்டனி மெலிந்த பாத்திரம். பம்பாயில் ஒரு தாதா, நாயகனின் நண்பனைக் கொல்விக்கிறான், பழி தீர்க்கிறான், அவ்வளவுதான். அவனுக்கென்று நினைவில் நிற்கும் கடந்தகாலமோ, ஏக்கமோ கிடையாது. ரஜினிகாந்தின் புகழ் உச்சியில் இருந்த ஒரு படத்தில், ரசிகர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் அரங்கில், இந்த மெலிந்த பாத்திரத்தோடு உடலும் மெலிந்த ஒரு நடிகர் போய் நிற்கிறார். அவரால் நாயகனை ஓர் அடி அடிக்க முடியும் என்றுகூட எவரும் நம்ப மாட்டார்கள். ரகுவரன் அடிக்க முயலவே இல்லை. குரலைத் தாழ்த்தினார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை அசையாமல் வைத்துக்கொண்டு, வசனத்தின் நடுவே, மற்றவர்கள் மூச்சு விடும் இடத்தில் விடாமல், வேறொரு இடத்தில் நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் எதிரே நிற்பவன் இனி என்ன வரப்போகிறது என்று தவிக்கிறான். கூடவே நாங்களும் தவிக்கிறோம். பாட்ஷா என்ற பெயருக்குப் படத்தில் ஒரு எடை இருக்கிறதென்றால், அந்தப் பெயரை உச்சரிக்கும்போது ஆண்டனியின் முகத்தில் வரும் மாற்றம் அதில் ஒரு பங்கு.

ஆகவே இந்த வழக்கில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முத்துப்பாண்டி என்ற பாத்திரம் பெரிதா என்றால், பெரிதுதான். தெலுங்கில் 2003இல் வந்த மூலப்படமான ‘ஒக்கடு’விலும் அந்த வேடத்தைப் பிரகாஷ்ராஜே செய்தார், அங்கேயும் அது வென்றது. நன்றாகத் தைத்த சட்டையை நன்றாக அணிந்தார் என்று சொல்லலாம். மார்க் ஆண்டனியில் தைத்த சட்டை என்று ஒன்றும் இல்லை; ரகுவரன் வெறுந்துணியைப் போர்த்திக்கொண்டு வந்து அதை அரச உடையென்று நம்பவைத்தார். நடிகரைப் பற்றிக் கேட்டால் என் வாக்கு ரகுவரனுக்கு. கழுத்தில் கத்தி இருக்கும்போதும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பாத்திரம் வேறு, நடிகர் வேறு என்ற பிரிவினையைச் செய்துவிட்டால் பல சில்லறைச் சண்டைகள் தீர்ந்துவிடும். ‘தேவர் மகன்’ மாயன், ‘தனி ஒருவன்’ சித்தார்த் அபிமன்யு ஆகிய இருவரும் முதன்மையாக எழுத்தின் வெற்றி. மாயனின் கோபத்துக்குப் பங்காளிப் பகை என்ற பழைய வேர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வேலி அரக்கிய வழக்கோடு பிறந்து வளர்ந்த எவனுக்கும் அதை விளக்கத் தேவையில்லை. நாசர் அந்த வேடத்தில் அருமையாகச் செய்தார் என்பது வேறு விடயம். சித்தார்த் அபிமன்யு, துப்பாக்கிக் காயத்துக்குச் சத்திரசிகிச்சை நடக்கும்போது நாயகனின் உடலுக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்திவிடுகிறான். அதன் பிறகு நாயகன் வகுக்கும் ஒவ்வொரு திட்டமும் வில்லனின் காதில் விழுகிறது. கொஞ்ச நேரமாவது வில்லன் வெல்ல வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அரவிந்த்சாமியின் அழகும் அமைதியும் அதற்கு மேல் வைத்த அலங்காரம்.

சத்யராஜைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1980களின் நடுப்பகுதியில் ‘நூறாவது நாள்’, ‘காக்கிச் சட்டை’, ‘விக்ரம்’ என்று வில்லனாக வந்து கலக்கியவர், பின்னர் நாயகனாகி, நாயகனாக நிலைபெற்ற பிறகு 1994இல் ‘அமைதிப்படை’யில் மீண்டும் வில்லனானார், அதுவும் தானே நாயகனாகவும் நடித்த அதே படத்தில். அந்தப் படத்தின் வாக்கு எண்ணும் காட்சியை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். முடிவு வரத் தொடங்கும்போது சத்யராஜின் வில்லனான அம்மாவாசை கூனிக்குறுகி, கதிரையின் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறான். வாக்கு வித்தியாசம் கூடக் கூட உடல் பின்னுக்குச் சாய்கிறது, முதுகு நிமிர்கிறது, மரியாதை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு பிடியாகக் கழன்று விழுகிறது. காட்சி முடியும்போது கதிரையில் இருப்பவன் வேறு ஆள். மணிவண்ணன் பக்கத்தில் இருந்து அந்த மாற்றத்துக்குத் தாளம் போடுகிறார். அடிதடி இல்லை, இரத்தம் இல்லை. ஒரு மனிதன் ஒரு கதிரையில் இருக்கும் விதம் மாறுவதைக் கொண்டே வில்லனைப் பிறப்பித்துவிட்டார்கள். பிரதேசசபைத் தேர்தல் முடிவுகளுக்கு இரவிரவாகக் காத்திருந்து, அடுத்த நாள் வென்றவரின் நடையைப் பார்த்த எவரும் இதைக் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள்.

வடக்கிலிருந்து கொண்டுவரப்படும் வில்லன்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. உடற்பயிற்சி செய்து இறுகிய தோள், விலை உயர்ந்த கோட்டு, வாயசைவோடு ஒட்டாத இரவல் குரல். ‘துப்பாக்கி’யில் வித்யுத் ஜம்வாலுக்கு அது ஓரளவு பொருந்தியது, அவர் அதிகம் பேசவில்லை. மற்றப் பல இடங்களில் முகம் ஒருவருடையதும் பயமுறுத்தல் இன்னொருவருடையதுமாக இருக்கிறது. குரலைச் சொந்தமாக வைத்திருப்பவனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு 2019இல் வந்த ‘கைதி’யின் அர்ஜுன் தாஸ் சாட்சி. அவ்வளவாக அறியப்படாத அந்த இளைஞர் வாயைத் திறந்ததும் அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. படம் முடிந்து வெளியே வந்தவர்கள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அந்தக் குரலில் பேசிப்பார்த்தார்கள்.

அதே ‘கைதி’யின் முடிவில் கார்த்தி பெரிய இயந்திரத் துப்பாக்கி ஒன்றைத் தூக்குகிறார். 2022இல் வந்த ‘விக்ரம்’ படத்தில் கமல் பீரங்கியையே இயக்குகிறார். இந்த இடங்களில் தமிழ்நாட்டில் விசில் பறந்திருக்கும். இங்கேயும் இளையவர்கள் விசில் அடித்தார்கள். நான் இருந்த வரிசையில் இருந்த நடுத்தர வயதுக்காரர்கள் அடிக்கவில்லை. சன்னம் எது, செல் எது, எது எவ்வளவு தூரத்தில் விழும் என்பதைப் பாடசாலைப் பாடத்துக்கு முன்னர் படித்த தலைமுறை அது. பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, “உவ்வளவு சன்னமும் எங்கையிருந்து வருது?” என்று கேட்டார். கேலி பாதி, மெய்யான கேள்வி பாதி. துப்பாக்கி தூரத்திலிருந்து கொல்லும் பொருள் என்பதால் திரையில் அதற்கு முகம் கிடையாது. எதிரியின் முகத்தைப் பார்க்காமல் நடக்கும் சண்டையில் வில்லன் எதற்கு? ஆளுக்கு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் மோதும் சண்டைகளே இங்கே பெரியவர்களுக்கு இன்னும் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாளோ, சிலம்போ, வெறுங்கையோ, அதில் இருவருக்கும் வாய்ப்பு இருக்கிறது.

சண்டைக்காட்சியைப் பற்றிப் பேசும்போது, அடி வாங்குபவர்களைப் பற்றியும் பேச வேண்டும். நாயகனின் குத்து எவ்வளவு பலமானது என்பதைக் காட்டுபவர் குத்து வாங்கி விழும் சண்டைக்கலைஞரே. கண்ணாடியில் மோதி, மேசையில் புரண்டு, மாடியிலிருந்து விழுபவர் அவர். எங்கள் வாக்குவாதங்களில் அவருடைய பெயர் வருவதேயில்லை, ஏனென்றால் அது எங்களுக்குத் தெரியாது. சண்டைப் பயிற்சியாளர்களின் பெயர்களாவது இப்போது தெரியத் தொடங்கியிருக்கின்றன. இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கென்று தனிப் பிரிவு வந்ததே 2016ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். ‘புலிமுருகன்’ என்ற மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் அதை முதலில் பெற்றார். அன்பறிவ் என்ற இரட்டையர்கள் பின்னர் ‘கே.ஜி.எஃப்’ படங்களுக்காகப் பெற்றார்கள். சலூனுக்கு வரும் இளைஞர்கள் சண்டையைப் பார்த்தே அமைத்தவர் யாரென்று சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்தப் பெயர் திரையில் ஓடும்போது நாங்கள் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தோம்.

இவ்வளவு தூரம் வில்லனுக்காக வாதாடிய எனக்கு, 2023இல் ‘மாமன்னன்’ ஒரு சங்கடத்தைக் கொண்டுவந்தது. ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலு, மேலே நான் கேட்ட அத்தனையும் கொடுக்கப்பட்ட வில்லன். அமைதியான குரல், தன் பக்கம் நியாயம் இருக்கிறதென்ற அசைக்க முடியாத நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்குப் பெயர் சாதி. படம் இணையத்தில் வந்த பிறகு, அந்தப் பாத்திரத்தின் காட்சிகளை வெட்டியெடுத்து, சாதிப் பெருமைப் பாட்டுகளைப் பின்னணியில் ஒட்டி, அவனை நாயகனாகக் கொண்டாடினார்கள். இயக்குநர் மாரி செல்வராஜ் எதற்கு எதிராகப் படமெடுத்தாரோ, அதற்கே அந்தப் படம் தீனியாயிற்று. சலூனில் அந்த வீடியோக்கள் கைபேசி கைபேசியாகப் போனதைப் பார்த்தேன். பாட்டு நன்றாக இருக்கிறது என்று சிரித்தவர்கள் சிலர். தமிழ்நாட்டுச் சாதிப் பெயர்கள் எங்களுக்குப் புதியவை. வீட்டுக்குள் யாரை எதுவரை விடுவது என்ற கணக்கு புதியதல்ல.

நல்ல வில்லனை எழுதியதற்காக இயக்குநரைக் குற்றம் சாட்டுபவர்கள் உண்டு. அவனைக் கோமாளியாக்கியிருக்க வேண்டும், அசிங்கமாக்கியிருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதி வெறி பிடித்தவன் நடைமுறையில் கோமாளியாக வருவதில்லை. நன்றாக உடுத்து, நன்றாகப் பேசி, ஊரில் மரியாதையோடு வருகிறான். ரத்னவேலுவை அப்படிக் காட்டியது சரி. சூரனை ரசிப்பவன் சூரசங்காரம் முடிந்ததும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான். இந்த ரசிகர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். அதை எந்த நடிகராலும் தடுக்க முடியாது. ஆனால் அந்த வீடியோக்களைப் பார்த்த பிறகு, வில்லனுக்குக் கை தட்டும்போது பக்கத்தில் தட்டுபவன் எதற்காகத் தட்டுகிறான் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

கடைசியாக, என் அக்காவின் மகள் எழுப்பிய தகராறு ஒன்று. சலூன் வழக்குகளை நான் வீட்டில் ஒப்புவித்துக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவள் இடைமறித்து, “மாமா, உங்கடை பட்டியலிலை நீலாம்பரி எங்கை?” என்று கேட்டாள். 1999இல் ‘படையப்பா’வில் ரம்யா கிருஷ்ணன் செய்த அந்த வேடத்துக்கு இணையாக ஆண்களில் ஒருவரைச் சொல்லுங்கள் என்பது அவளுடைய சவால். விரும்பியவன் கிடைக்கவில்லை என்று 18 ஆண்டுகள் ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டவள். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து பகையைத் தொடர்ந்தவள். மன்னிப்பை ஏற்பதைவிடச் சாவை ஏற்றவள். ரஜினியோடு அவள் கைகலப்பதே இல்லை. இருந்தும் திரையில் இருவரும் ஒன்றாக நிற்கும்போது, கண் அவள் பக்கம்தான் போகிறது. நாயகனை நிமிர்ந்து பார்க்காமல் நேரே பார்க்கும் எதிரி அவருக்கு அதற்கு முன்னும் பின்னும் அதிகம் வாய்க்கவில்லை என்ற அவளுடைய வாதத்தை நான் ஏற்றேன்.

அவள் அதோடு விடவில்லை. நீலாம்பரிக்குப் பிறகு யார் என்று கேட்டுவிட்டு, தானே விடையும் சொன்னாள்: 2006இல் ‘திமிரு’ படத்தில் ஸ்ரேயா ரெட்டி, 2018இல் ‘சர்கார்’ படத்தில் வரலட்சுமி, 2016இல் ‘கொடி’ படத்தில் திரிஷா. மூன்றாவதைத்தான் அவள் அழுத்திச் சொன்னாள். ருத்ரா என்ற அந்த அரசியல்வாதி, தான் காதலித்தவனையே பதவிக்காகக் கொல்கிறாள். மற்ற வில்லிகளுக்கு இருப்பதுபோல அவளுக்கு நெற்றி நிறையப் பொட்டோ, உருட்டும் கண்ணோ இல்லை. கட்சிக்காரர்களுக்கு நடுவே களைத்துப்போய் நிற்கும் ஒரு கெட்டிக்காரப் பெண், அவ்வளவுதான். தனுஷ் இரட்டை வேடத்தில் நடித்த படம் என்பதால் எல்லோரும் தனுஷைப் பற்றியே பேசினார்கள். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ருத்ராவைச் சலூனில் முன்வைத்தேன். தம்பி கத்தரிக்கோலை நிறுத்தாமல், “அது வில்லி அண்ணை, நாங்கள் கதைக்கிறது வில்லன்” என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். மருமகளிடம் வந்து சொன்னபோது, அந்தச் சலூனில் பெண்களுக்கு ஒரு கதிரை போடும்வரைக்கும் அந்தத் தீர்ப்பைத் தான் ஏற்கப்போவதில்லை என்றாள்.